பில் இல்லாத தேக்குப் பலகை வாங்கலாமா?

பாலக்கோடு_வீடு:
பாலக்கோடு பக்கம் வீடு கட்டுகிறோம். தலைவாசல் நிலைக்கும் கதவுக்கும் தேக்கு வேண்டும். தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்தார். "காட்டுத் தேக்கு, வைரம் பாய்ஞ்சது, கன அடிக்கு ஆயிரம் ரூபாய் குறைச்சுத் தர்றேன்" என்கிறார். பில் கிடையாதாம். அறுத்த பலகையாக ராத்திரியில் இறக்கிவிடுவாராம். அப்பா வாங்கிவிடலாம் என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை. நல்ல வழியில் வந்த மரம் என்று எதைப் பார்த்து நம்புவது?

மரவாடி_கிருஷ்ணகிரி:
வாங்காதீர்கள் தம்பி. இரண்டு தலைமுறையாக மரவாடி நடத்துகிறோம், அடித்துச் சொல்கிறேன்.

பட்டா நிலத்தில் வளர்ந்த தேக்கைக்கூடச் சும்மா வெட்டி ஏற்ற முடியாது. 1968ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறை பாஸ் வேண்டும். நிலத்துக்காரர் சிட்டா, அடங்கலோடு மனு கொடுப்பார். வனத்துறையினர் வந்து நீளம், சுற்றளவு குறித்துக்கொண்டு தடியின் வெட்டுமுகத்தில் சுத்தியல் முத்திரை அடிப்பார்கள். எத்தனை தடி, எந்த வண்டி, எங்கே போகிறது என்பதெல்லாம் பாஸில் இருக்கும்.

எனக்கு இருபது வயதில் அப்பா என்னை ஒரு லோடு ஏற்றிவர அனுப்பினார். எண்ணி ஏற்று என்றார், நான் எண்ணவில்லை. பாஸில் 18 தடி. சோதனைச் சாவடியில் எண்ணினால் 21! அந்த மூன்று தடியால் மொத்த லோடும் நின்றுபோனது, லாரியும்தான். 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி மரத்தோடு வண்டியையும் பறிமுதல் செய்யலாம். லாரிக்காரர் தவணை கட்டிக்கொண்டிருந்த வண்டி அது. சாவடி ஓரம் தலையில் கைவைத்து உட்கார்ந்த அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு தடிக்கும் சாக்பீஸில் எண் போட்டு, பாஸோடு ஒப்பிட்டுத்தான் இறக்குகிறேன்.

உங்களிடம் வந்தவர் பலகையாகத் தருகிறேன் என்கிறாரே, அங்கேதான் சூட்சுமம். முத்திரை வெட்டுமுகத்தில் இருப்பது. அறுத்துவிட்டால் அடையாளமே போய்விடும். நீங்கள் தடியாக வாங்குங்கள். முத்திரையைப் பாருங்கள், பாஸையும் இருப்புப் பதிவேட்டையும் கேளுங்கள், கண்ணெதிரே அறுக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுத் தேக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பில். காட்டத் தயங்குகிற இடத்தில் நிற்கவே வேண்டாம்.

அஞ்செட்டி_தச்சர்:
அண்ணன் சொல்வது சரி. எங்கள் பக்கத்துக் காடு 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். யானை நடமாடுகிற காடு. அங்கே வெட்டிய மரத்தை நான் உளியால் தொடமாட்டேன், கூலி எவ்வளவு கொடுத்தாலும் சரி. அப்புறம், நிலைக்குத் தேக்குதான் வேண்டுமா? முற்றிய வேம்பு நன்றாக உழைக்கும்.

பாலக்கோடு_வீடு:
அப்பாவிடம் படித்துக் காட்டினேன். லாரிக்காரர் கதை கேட்டுப் பேசாமல் இருந்தார். பிறகு அவரே சொன்னார், கொல்லையில் காற்றுக்குச் சாய்ந்த வேம்பு கிடக்கிறதே என்று. சுற்றளவு நாலரை அடி. தேறுமா?

அஞ்செட்டி_தச்சர்:
நிலைக்குத் தாராளம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு மில்லுக்கு ஏற்றுங்கள். அறுத்ததும் நிழலில், இடையே குச்சி வைத்து அடுக்குங்கள். பச்சையாக நிலை அடித்தால் முறுக்கிக்கொள்ளும்.