சென்னை தி.நகருக்குக் கீழே ஏரி: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

குழி தோண்டியவன்:
தாத்தா வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தோம், வழக்கமான கதைதான். எனக்கு மறக்காதது அஸ்திவாரக் குழி. ஆளுயரம் தாண்டியதும் மண் கறுப்பாகிவிட்டது. பிசுபிசுவென்ற களி, மண்வெட்டியை விட்டு உதிரவே இல்லை. அதற்குள் வெள்ளை வெள்ளையாக நத்தைக்கூடுகள். மேஸ்திரி ஒன்றை விரலால் நசுக்கிக் காட்டி, "ஏரி மண்ணு சார், ஆழமா பைல் தூண் போடாம நிக்காது" என்றார். 1923 வாக்கில் நீண்ட ஏரியை வற்றவைத்துத்தான் ஊரே வந்தது என்று சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். அந்தப் பொடியை உள்ளங்கையில் பார்த்தபோது என்னவோ செய்தது.

மேற்கு மாம்பலம்:
ஏரி உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, வந்து பாருங்கள். பூங்காவும் அகலச் சாலையும் திட்டம் போட்டு அங்கே செய்தார்கள், எங்களுக்குச் சந்துதான். 2015 டிசம்பரில் நடுராத்திரி, வாசல் வழியாக அல்ல, சமையலறைச் சாக்கடைத் துளை வழியாகத் தண்ணீர் கொப்பளித்து ஏறியது. காலி சிலிண்டர் மிதந்து வந்து படுக்கையறைக் கதவை இடித்துக்கொண்டே இருந்தது. இன்றும் கதவு சத்தம் கேட்டால் கீழேதான் பார்க்கிறேன்.

பெரியம்மா பிள்ளை:
ரங்கநாதன் தெருவில் குடும்பங்கள் இருந்தன என்றால் இன்று யார் நம்புவார்கள்? எங்கள் பெரியம்மா இருந்தார். போன தீபாவளிக்குக் கூட்டத்தில் நசுங்கியபடி நிமிர்ந்து பார்க்கிறேன், ஒரு பாத்திரக்கடை போர்டுக்குப் பின்னால் அதே மாடிக் கைப்பிடி! பச்சைப் பெயின்ட் உட்பட. கடைக்காரரிடம் சொன்னேன். "எத்தனை லிட்டர் குக்கர் வேணும்?" என்றார்.

விவரமானவர்:
எங்கள் பக்கமும் தண்ணீர் வந்தது, கணுக்கால் அளவு. விடுங்கள். இந்தப் பகுதியில் பிளாட் வாங்குபவர்கள் முதலில் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். வில்லங்கச் சான்று குறைந்தது 30 ஆண்டுகளுக்கு. தரைமட்டம் சாலையைவிட எவ்வளவு உயரம் என்று நீங்களே டேப் பிடித்து அளந்து பாருங்கள், புரோக்கர் சொல்வதை நம்பாதீர்கள். மாம்பலம் கால்வாய் எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். மழை வடிந்து அடையாற்றுக்குப் போக அதுதான் வழி. கார் நிறுத்தம் கீழ்த்தளத்தில் என்றால் தண்ணீர் இறைக்கும் மோட்டார் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். மேற்கு மாம்பலம் நண்பர் அந்தச் சாக்கடைக் குழாயில் தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் நான்ரிட்டர்ன் வால்வு போட்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

மேற்கு மாம்பலம்:
ஐயா, யார் வீடு வாங்கப் போவதாகச் சொன்னது? வால்வு இருந்தது. தண்ணீருக்குத்தான் அது தெரியவில்லை.

நடேசன் பூங்கா நடையர்:
சண்டை எதற்கு. எங்கள் நடைக்கூட்டத்தில் ஒரு பெரியவர், ஊரே நீதிக்கட்சி ஆள்பதிவேடு என்பார். தியாகராயர், பனகல் அரசர், நடேசனார், உஸ்மான், பாண்டி பஜார் அங்காடிக்குச் சௌந்தரபாண்டியனார் என்று விரல் மடக்கிக்கொண்டே வருவார். ஊர் உருவானபோது ஆட்சி அவர்களுடையது, தெருவுக்கும் பூங்காவுக்கும் வைத்த பெயரும் அவர்களுடையது. ஒருநாள் பக்கத்தில் ஓடிய பையன் காதுக் கருவியைக் கழற்றி, "இவங்க எல்லாம் பில்டருங்களா தாத்தா?" என்றான். பெரியவர் கோபப்படவில்லை. "ஒரு வகையில" என்றார்.

வெளியூர்:
2021 நவம்பர் மழை. பனகல் பூங்கா அருகே முழங்கால் தண்ணீர். பட்டுப்புடவைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா என்னிடம், "பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் தம்பி?" என்றார். நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.