டிஸ்கின் பெயர் மாறிவிட்டது, ஃபைல்கள் மட்டும் பழையவை: 1541 டிரைவில் என்ன நடக்கிறது?

தம்பி64:

வணக்கம். இரண்டு நாளாக இதே யோசனையாக இருக்கிறது. யாராவது கை கொடுங்கள்.

அண்ணன் தன்னுடைய பழைய வீட்டுக் கணினியான கொமடோர் 64-ஐயும் நாற்பது சொச்சம் ஃப்ளாப்பிகளையும் என்னிடம் கொடுத்துவிட்டார். எல்லாம் அவர் பள்ளி நாட்களில் பேசிக் மொழியில் எழுதியவை. அவருடைய டிஸ்க் டிரைவ் எப்போதோ செத்துவிட்டது. அதனால் பழைய 1541 ஒன்றை வாங்கிச் சேர்த்தேன். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. படிக்கிறது, எழுதுகிறது, குறை ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். புது டிஸ்க் ஒன்றை ஃபார்மட் செய்து ‘காலி’ என்று பெயர் வைத்தேன். டைரக்டரி, அதாவது ஃபைல் பட்டியல் பார்த்தேன், 664 பிளாக் (டிஸ்கில் இடத்தை அளக்கும் துண்டு) காலி என்று வந்தது. அதை எடுத்துவிட்டு அண்ணனின் ‘மூன்று’ என்ற டிஸ்கைப் போட்டேன். அதில் ‘பந்து’ என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. அதை லோட் செய்து, பந்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, ‘பந்து2’ என்று அதே டிஸ்கில் சேவ் செய்தேன். சிவப்பு விளக்கு மின்னவில்லை, பிழை எதுவும் வரவில்லை. 14 பிளாக்.

அப்புறம் டைரக்டரி பார்த்தால், தலைப்பில் ‘காலி’ என்று இருக்கிறது! டிஸ்கை மாற்றிப் போட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வெளியே எடுத்துப் பார்த்தேன். அண்ணனின் டிஸ்க்தான், உறையில் அவர் கையெழுத்து. உள்ளே அவருடைய 21 ஃபைல்களும் என் ‘பந்து2’வும் வரிசையாக இருக்கின்றன. பெயர் மட்டும் ‘காலி’. கீழே 650 பிளாக் காலி என்று காட்டுகிறது.

இதை விட மோசம், முதல் ஃபைல் ‘வணக்கம்’. அண்ணன் எழுதிய முதல் புரோகிராம் அது. அதை லோட் செய்தால் பந்து விளையாட்டு வருகிறது, அதுவும் நான் வேகத்தைக் குறைத்த பந்து. இரண்டாவது ஃபைல் ‘சொல்’. லிஸ்ட் போட்டால் குப்பையாக வருகிறது. மற்றவற்றில் நான் பார்த்த ஐந்தாறு நன்றாகவே இருக்கின்றன.

அடுத்த மாதம் அண்ணன் வீட்டுக்கு வருகிறார். ‘வணக்கம்’ ஓடுவதை அவருக்குக் காட்டலாம் என்று ஆசையாக இருந்தேன். இரண்டு டிஸ்கின் பெயரும் ஒன்றானது எப்படி? ஃபைலை மீட்க வழி உண்டா?

நீலத்திரை:

பெயருக்கு முன்னால் ‘அட்’ (@) குறி போட்டு, பழையதை அழித்துப் புதியதை எழுதும் முறையில் சேவ் செய்தீர்களா? 1541-ல் அந்த முறையில் ஒரு பிழை உண்டு. சில சமயம் வேறு ஃபைலின் பிளாக்குகளை மிதித்துவிடும். அறிகுறி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

தம்பி64:

இல்லை நண்பரே, சாதாரண சேவ்தான். ‘பந்து2’ என்று அந்த டிஸ்கில் முன்பு எதுவும் கிடையாது.

தடம்18:

தம்பி, முதல் வேலையாக அந்த டிஸ்கை டிரைவிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். இனி அதில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

‘அட்’ சேவ் டிஸ்கின் பெயரை மாற்றாது. இங்கே பெயரே மாறியிருக்கிறது. அதுதான் துப்பு. இன்னொன்று, எண்களைக் கூட்டிப் பாருங்கள். டிஸ்க் டிராக் என்ற வட்டங்களாகவும், ஒவ்வொரு டிராக்கும் செக்டார் என்ற துண்டுகளாகவும் பிரிந்திருக்கும்; ஒரு செக்டார்தான் ஒரு பிளாக். 1541 டிஸ்கில் மொத்தம் 683 செக்டார். டைரக்டரிக்கான டிராக் 18-ன் 19 செக்டார்களைக் கழித்தால் நமக்கு மிஞ்சுவது 664 பிளாக். உங்கள் 22 ஃபைல்களின் அளவையும் கூட்டி, அதோடு 650-ஐச் சேருங்கள். 664-க்கு மேல் போனால், அந்த டிஸ்கில் இருக்கும் பிளாக் அட்டவணை அந்த டிஸ்குடையதே அல்ல.

எந்த பிளாக் காலி, எது நிரம்பியது என்ற அட்டவணை டிராக் 18, செக்டார் 0-ல் இருக்கிறது. டிஸ்கின் பெயரும் அதே செக்டாரில்தான், 144-ஆம் பைட்டிலிருந்து 16 எழுத்து. ஃபைல்களின் பட்டியல் அடுத்த செக்டாரிலிருந்து தனியாகத் தொடங்குகிறது. 1541-க்குள் சொந்தமாக ஒரு பிராசசரும் 2 கேபி ராமும் உண்டு. அட்டவணையை ஒரு முறை படித்து அந்த ராமில் வைத்துக்கொள்ளும். சேவ் செய்து முடித்ததும் அந்த 256 பைட்டையும் பெயரோடு சேர்த்து டிஸ்கில் திருப்பி எழுதிவிடும்.

நீங்கள் ‘காலி’யை எடுத்துவிட்டு ‘மூன்று’ போட்டது டிரைவுக்குத் தெரியவில்லை. ‘காலி’யின் அட்டவணையே ராமில் இருந்திருக்கிறது. அதன்படி டிஸ்க் முழுக்க வெற்றிடம். வெற்று டிஸ்கில் முதல் ஃபைல் டிராக் 17, செக்டார் 0-ல் தொடங்கும். அண்ணனின் ‘வணக்கம்’ தொடங்குவதும் அங்கேதான். இப்போது இரண்டு பெயரும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. எந்தப் பெயரைச் சொன்னாலும் பந்துதான் வரும்.

எழுதாதே என்றதற்குக் காரணம் இதுதான்: அட்டவணையைப் பொறுத்தவரை மீதி 650 பிளாக்கும் காலி. அடுத்து எதை சேவ் செய்தாலும் இன்னொரு ஃபைல் போகும்.

இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ‘காலி’யை ஃபார்மட் செய்தபோது என்ன ஐடி கொடுத்தீர்கள்? அண்ணனின் டிஸ்கில் ஐடி என்ன? டைரக்டரியின் முதல் வரியில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்து. ‘மூன்று’ இப்போது ‘காலி’யின் வரியைக் காட்டும், அதனால் வேறு டிஸ்குகளைப் பாருங்கள்.

தம்பி64:

கூட்டிப் பார்த்தேன் சார். ஃபைல்கள் 402, காலி 650, மொத்தம் 1052! உறையில் அண்ணன் பென்சிலால் ‘276’ என்று எழுதி வைத்திருக்கிறார். அது என்ன என்று இதுவரை புரியவில்லை, இப்போது புரிகிறது. பழைய 21 ஃபைல்கள் 388, அதோடு 276, சரியாக 664.

ஐடி எல்லாவற்றிலும் 01. அண்ணனின் நோட்டில் ஃபார்மட் கட்டளை 01 என்றே எழுதியிருக்கிறது, நானும் அப்படியே அடித்தேன்.

ஆனால் ஒரு சந்தேகம். அண்ணன் வருடக்கணக்கில் இதே டிஸ்குகளை மாற்றி மாற்றிப் போட்டு எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு நாளும் இப்படி நடக்கவில்லையே? போனில் கேட்டேன், “அப்படி ஒன்று கேள்விப்பட்டதே இல்லை” என்கிறார்.

தடம்18:

அருமையான கேள்வி. பதில் உங்கள் டிரைவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

டிஸ்க் மாறியதைத் தெரிந்துகொள்ள 1541-க்கு இரண்டு வழி. ஒன்று ஐடி. ஃபார்மட் செய்யும்போது ஒவ்வொரு செக்டாரின் தலைப்பிலும் அந்த ஐடி எழுதப்படுகிறது. எழுதப் போகும்போது ராமில் இருப்பதும் டிஸ்கில் இருப்பதும் வேறாக இருந்தால், 29-ஆம் பிழை காட்டி நின்றுவிடும். எல்லா டிஸ்கும் 01 என்றால் இந்தக் காவல் இல்லை.

இன்னொன்று ஒளி. டிஸ்கின் ஓரத்தில் ஒரு சதுர வெட்டு இருக்கிறதல்லவா? அந்த வெட்டு வழியாக ஒளி போனால் எழுதலாம், ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தால் எழுதக் கூடாது. அதற்கு டிரைவில் ஒரு சென்சார். டிஸ்கை உருவும்போதும் நுழைக்கும்போதும் அட்டையின் ஓரம் அந்த ஒளியை ஒரு கணம் மறைக்கும். டிரைவ் அதைக் கவனித்து, ‘டிஸ்க் மாறியிருக்கலாம்’ என்று குறித்துக்கொண்டு, அடுத்த கட்டளையில் அட்டவணையைப் புதிதாகப் படிக்கும். இத்தனை வருடம் அண்ணனைக் காப்பாற்றியது இந்தச் சென்சார்தான். உங்கள் டிரைவில் அது வேலை செய்யவில்லை.

‘மூன்று’ டிஸ்கின் வெட்டில் ஸ்டிக்கர் ஏதாவது இருக்கிறதா?

தம்பி64:

கேட்டதும் எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது சார், வெள்ளி நிறத்தில் சின்னதாக ஒன்று. ஓரம் கிழிந்ததற்கு ஒட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். அப்படியென்றால் இந்த டிஸ்கில் எழுதவே முடிந்திருக்கக் கூடாதா?

சாலிடர்_கை:

முடிந்திருக்கக் கூடாது. 26-ஆம் பிழை வந்திருக்க வேண்டும்.

உங்கள் டிரைவின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ துளை போட்டு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்தில் பலர் செய்த வேலை இது. ஒரு பக்க டிஸ்கைத் திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கத்திலும் எழுத, அட்டையில் இன்னொரு வெட்டு வெட்ட வேண்டும். வெட்டச் சோம்பல்பட்டவர்கள் சென்சாருக்குப் போகும் வயரில் சுவிட்ச் வைத்து ‘எப்போதும் எழுதலாம்’ என்று ஆக்கிவிடுவார்கள். சுவிட்ச் அந்தப் பக்கம் இருக்கும்வரை டிரைவுக்கு ஸ்டிக்கரும் தெரியாது, டிஸ்க் மாறியதும் தெரியாது. முதலாவதை எல்லோரும் தெரிந்தே செய்தார்கள். இரண்டாவதை யோசித்தவர்கள் குறைவு.

சோதிக்க வேண்டுமானால் உதவாத டிஸ்க் ஒன்றில் ஸ்டிக்கர் ஒட்டி, அதில் எதையாவது சேவ் செய்து பாருங்கள். அண்ணனின் டிஸ்க் எதையும் இதற்குத் தொடாதீர்கள்.

நீலத்திரை:

சரி, அப்போது என் ஊகம் தவறு. ஐடிக்கு ஒரு சுலப வழி சொல்கிறேன். டிஸ்க் எடிட்டரில் டிராக் 18, செக்டார் 0-ல் 162, 163-ஆம் பைட்டுகளை மாற்றினால் ஐடி மாறிவிடும். நாற்பது டிஸ்கையும் மறுபடி ஃபார்மட் செய்யத் தேவையில்லை.

தடம்18:

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது டைரக்டரி வரியில் தெரியும் எழுத்து மட்டும். டிரைவ் ஒப்பிடுவது செக்டார் தலைப்புகளில் இருக்கும் ஐடியை. அது முழு ஃபார்மட்டில் மட்டும்தான் எழுதப்படும். ஐடி இல்லாமல் பெயர் மட்டும் கொடுத்து ஃபார்மட் செய்தால் அட்டவணையும் பட்டியலும் துடைக்கப்படும், பழைய ஐடி அப்படியே இருக்கும். எடிட்டரில் மாற்றினால் திரையில் 07 என்று பார்ப்பீர்கள், டிரைவ் 01 என்றே பார்க்கும். கண்ணுக்கு வேறாகத் தெரிகிறதே என்று நம்பி இன்னொரு டிஸ்கை இழக்க நேரும்.

ஐடி ஒன்றாக இருக்கும் டிஸ்குகளை மாற்றும்போதெல்லாம், டிரைவுக்குக் கட்டளை போகும் 15-ஆம் சேனலில் ‘ஐ0’ கட்டளை அனுப்பினால் அட்டவணை புதிதாகப் படிக்கப்படும். மறந்தால் போச்சு, ஆனாலும் இப்போதைக்கு அதுதான் வழி.

இனி மீட்பு. டிஸ்கை முதலில் டி64 இமேஜாக, அதாவது முழு டிஸ்கின் நகலாக ஒரே ஃபைலில் எடுங்கள். 1,74,848 பைட் வர வேண்டும். ‘வி0’ போடாதீர்கள். அது பட்டியலைப் பார்த்து அட்டவணையைச் சரி செய்யும், ஆனால் இழந்த பிளாக்கைத் திருப்பித் தராது. ‘வணக்கம்’, ‘சொல்’ இரண்டும் பட்டியலில் எத்தனை பிளாக்?

தம்பி64:

‘வணக்கம்’ 9, ‘சொல்’ 11.

தடம்18:

மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் தம்பி, ‘வணக்கம்’ இந்த டிஸ்கில் இல்லை. பந்து2-வின் 14 பிளாக்கில் முதல் 9 அதன் மேல் விழுந்துவிட்டது. மீதி 5 ‘சொல்’லின் தொடக்கத்தில் விழுந்தது. அண்ணன் இந்த டிஸ்கில் எதையும் அழிக்காமல் வரிசையாக சேவ் செய்திருந்தால், ‘சொல்’லின் கடைசி 6 பிளாக் அப்படியே இருக்க வேண்டும். அதற்கு வழிகாட்டும் பிளாக்தான் போய்விட்டது.

ஒவ்வொரு பிளாக்கின் முதல் இரண்டு பைட் அடுத்த பிளாக்கின் டிராக், செக்டார். இமேஜில் டிராக் 17-ன் 21 செக்டார்களையும் ஒரு தாளில் எழுதி, எது எதைக் காட்டுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். ஃபைல் பட்டியல் காட்டும் தொடக்க செக்டார்களுக்கும் ஒரு அம்பு போடுங்கள். எந்த அம்பும் வந்து சேராத ஒரு செக்டார் இருக்கும். நீங்கள் தேடுவது அங்கே தொடங்குகிறது. முதல் பைட் 0 என்று வரும் செக்டாரில் முடியும்.

தம்பி64:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

டிரைவைத் திறந்தேன். பின்பக்கம் பவர் வயருக்கு மேலே கறுப்பாக ஒரு சின்ன சுவிட்ச். இத்தனை நாள் அது ஏதோ ரீசெட் என்று நினைத்திருந்தேன். அதிலிருந்து மெல்லிய இரண்டு வயர் உள்ளே சென்சார் வரை போகிறது, மேலே மஞ்சள் டேப். இரண்டையும் எடுத்துவிட்டு, சென்சார் வயரைப் பழையபடி இணைத்தேன். உதவாத டிஸ்கில் ஸ்டிக்கர் ஒட்டி சேவ் செய்தேன். சிவப்பு விளக்கு மின்னியது, 26-ஆம் பிழை. அந்த விளக்கு மின்னியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் தாளும் பென்சிலும். 21 வட்டம் போட்டு அம்பு வரைந்தேன். நீங்கள் சொன்னது போலவே ஒரு வட்டம் மட்டும் தனியாக நின்றது. அதிலிருந்து வரிசையாக ஆறு செக்டார், கடைசியில் 0. ஒரு வரியின் பின்பாதியில் தொடங்கி, 400-ஆம் எண் வரியிலிருந்து கடைசி வரை ‘சொல்’ முழுசாக இருக்கிறது. அண்ணன் சேர்த்திருந்த சொற்கள் எல்லாம் அந்த டேட்டா வரிகளில்தான் இருக்கின்றன. முன்பாதி விளையாட்டு நடத்தும் பகுதி, அதை எழுதிக்கொள்ளலாம்.

நல்ல ஃபைல்கள் இருபதையும் 02 என்ற ஐடியில் ஃபார்மட் செய்த புது டிஸ்குக்கு ஒவ்வொன்றாக மாற்றினேன். மற்ற டிஸ்குகளுக்கும் 03, 04 என்று போகிறேன், ஐடியை உறையில் அண்ணன் எழுதிய எண்ணுக்குக் கீழே எழுதி வைக்கிறேன். பழைய ‘மூன்று’ ஸ்டிக்கரோடு அப்படியே இருக்கட்டும்.

‘வணக்கம்’ போனதை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பச்சை நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பார்” என்றார். பார்த்தேன். வரி எண்ணோடு பேனாவில் முழு புரோகிராமும் இருக்கிறது, இரண்டு வரி மட்டும் ஈரம் பட்டு மங்கியிருக்கிறது. அந்த இரண்டு வரியையும் அவர் வந்ததும் சேர்ந்து உட்கார்ந்து யோசிப்பதாகப் பேச்சு. மற்றதை இன்று ராத்திரி அடிக்கத் தொடங்குகிறேன்.