மறு: ‘கபோ’வுக்குத் தமிழில் என்ன சொல்வது?

> கைதிக் கங்காணி என்றே வைத்துவிடலாம். கருங்காலிக்கு அது எவ்வளவோ மேல்.

நாஜி முகாம்களில் வேலைக்குழுவை மேய்த்த கைதிதான் கபோ. அவருக்கான கலைச்சொல்லாகக் கருங்காலி வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சிதான். பெயர் வைக்கும்போதே தண்டனையும் கொடுத்துவிடுகிற சொல் அது.

கங்காணி நல்ல தேர்வு. இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கங்காணியும் தன் ஆட்களிடமே துரைக்காக வேலை வாங்கினார். ஆனால் அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு வந்தது, நினைத்தால் ஊர் திரும்பவும் முடிந்தது. கபோவுக்குக் கிடைத்தது ஒரு கைப்பட்டை, கொஞ்சம் கூடுதல் சூப்பு, படுக்கச் சற்று நல்ல இடம். முள்வேலி அவருக்கும் சேர்த்துத்தான்.

என் சிக்கல் சொல்வரிசையில். தமிழில் தொகைச்சொல்லின் கடைசிப் பகுதிதான் ஆள் யார் என்று சொல்லும். கைதிக் கங்காணி என்றால் அவர் கங்காணி. முகாமில் இப்படிப் பதவி பெற்ற கைதிகள் எல்லாரையும் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘ஃபுங்க்‌ஷன்ஸ்ஹெஃப்ட்லிங்’கில் கடைசியில் நிற்பது ‘ஹெஃப்ட்லிங்’, அதாவது கைதி. முகாம்களை நடத்திய எஸ்.எஸ். படையின் தலைவர் ஹிம்லரே 1944 ஜூனில் படைத்தளபதிகளிடம் இதை விளக்கியிருக்கிறார்: கபோ நமக்குத் திருப்தியாக நடக்காவிட்டால் பதவி போகும், மறுபடி தன் ஆட்களோடுதான் படுக்கவேண்டும், முதல் இரவே அவர்கள் அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். கைப்பட்டை கழன்றால் மிஞ்சுவது கைதி. அதனால் நான் சொல்வது ‘கங்காணிக் கைதி’.

கைதி என்று முடித்தால் கபோ செய்த குற்றம் கரைந்துபோகாதா என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. அடித்தே கொன்ற கபோக்கள் இருந்தார்கள். ஸ்டுட்ஹோஃப் முகாம் வழக்கில் 1946இல் கபோக்களையும் தூக்கிலிட்டார்கள். அதேசமயம், டாகாவ் முகாமின் கிளையான அல்லாக்கில் தலைமைக் கைதியாக இருந்த கார்ல் வாக்னர், சக கைதியை அடிக்க மறுத்து, தானே அடிவாங்கினார். இரு தரப்பும் முகாமில் பதவி பெற்ற கைதிகள்தான்.

இஸ்ரேல் 1950இல் நாஜிகளையும் அவர்களோடு ஒத்துழைத்தவர்களையும் தண்டிக்க ஒரு சட்டம் போட்டது. பின்னாளில் நாஜி அதிகாரி ஐக்மனை விசாரித்ததும் அதன்கீழ்தான். அதற்கு வெகு முன்பே கூண்டில் ஏறியவர்களில் முகாமிலிருந்து தப்பிப் பிழைத்த யூதர்கள் பலர். யெஹெஸ்கேல் யுங்ஸ்டர் என்ற கபோவுக்கு 1952இல் மரண தண்டனை. மேல்முறையீட்டில் அது இரண்டு ஆண்டுச் சிறையானது. நீதிபதிகளின் தீர்ப்புகளே ஒன்றுக்கொன்று இவ்வளவு தள்ளி நின்ற இடத்தில் கலைச்சொல் எதற்கு முந்திக்கொள்ளவேண்டும்?

‘பொறுப்பாளர்’ என்று வைக்கலாமா என்பது பற்றி: பதவியும் பொறுப்பு, பழியை ஏற்பதும் பொறுப்பு. வழக்கு விவரம் எழுதும்போது இரண்டும் மோதும். எனவே பதவி பெற்ற கைதிகள் எல்லாருக்குமான பொதுச்சொல்லாகப் ‘பணிக்கைதி’ இருக்கட்டும். பதிவேடு எழுதியவர், மருத்துவக் கொட்டடியில் வேலைபார்த்தவர் எல்லாம் அதில் அடங்குவர். கபோ மட்டும் கங்காணிக் கைதி. ஒரு கொட்டடியை மேய்த்த கைதியான ‘பிளாக்எல்டெஸ்டர்’ கொட்டடி மூப்பர். வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அடைப்புக்குறியில் போட்டுவிடலாம்.

அப்புறம், ‘ஷ்டூபன்டீன்ஸ்ட்’ இன்னும் தமிழ்ச்சொல் இல்லாமல் நிற்கிறது. அறையைப் பெருக்கி, சூப்பு ஊற்றிய கைதி. கரண்டியை அண்டாவின் அடிவரை விட்டால் உருளைக்கிழங்கு வரும், மேலாக மொண்டால் வெறும் தண்ணீர். ‘அறைப்பணியாள்’ என்றால் விடுதி ஊழியர் மாதிரி இருக்கிறது. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.