ஒசாகாவில் மாட்டுக் கொழுப்பு சேர்க்காத குஷிகாட்சு கடை தெரியுமா?

வர்ற சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அப்பாவை ஒசாகாவுல இருக்கிற ஷின்செகாய் பகுதிக்குக் கூட்டிட்டுப் போறேன். ட்சூடென்காகு கோபுரம் பார்த்துட்டு, ராத்திரிக்குக் குஷிகாட்சு, அதாவது கறி, மீன், காய்னு குச்சியில குத்திப் பொரிக்கிற ஜப்பானியச் சாப்பாடு. அப்பாவுக்கு இறால்னா உயிர். குச்சியில குத்தி, பிரெட் தூள்ல புரட்டி, வாலோட பொரிச்ச இறாலைப் போட்டோவுல பார்த்ததுல இருந்து அதே பேச்சுதான்.

சிக்கல் அம்மாவுக்கு. மாட்டுக்கறி தொட மாட்டாங்க. தாமரைக்கிழங்கு, காடை முட்டை போதும். ஆனா போன தடவை நான் போன கடையில எண்ணெயே மாட்டுக் கொழுப்புன்னு சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. தாவர எண்ணெய்ல பொரிக்கிற கடை யாருக்காவது தெரியுமா? ஜப்பானிய மொழியில எப்படிக் கேக்கணும்?

பாட்டில்ல சாஸ் தர்ற கடைன்னா இன்னும் நிம்மதி. எல்லாரும் முக்குற பொதுச் சாஸ் கிண்ணத்துல கடிச்ச குச்சியைத் திரும்ப முக்கக் கூடாது, வேணும்னா முட்டைக்கோஸ் இலையால சாஸை அள்ளி ஊத்திக்கணும்னு அப்பாகிட்ட நாலு தடவை சொல்லியாச்சு. தலையாட்டுறார், அவ்வளவுதான்.