அம்மா போன பிறகு அப்பா பேசுவதே குறைந்துவிட்டது

கேள்வி:
அப்பாவுக்கு 74. அம்மா இறந்து எட்டு மாதம். மூன்றாம் மாதமே அவர் வீட்டைக் காலி செய்து எங்களோடு கூட்டிவந்துவிட்டோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், தினமும் அக்காவின் வீடியோ கால். ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறார். முதுகுவலி என்கிறார்; ஸ்கேனில் ஒன்றுமில்லை. பழைய கைக்கடிகாரங்களைக் கழற்றி மாட்டுவது அவருக்கு உயிர். அந்தப் பெட்டியை இன்னும் திறக்கவில்லை. மறதி வேறு. அழுது பார்த்ததில்லை. இத்தனை பேர் இருந்தும் ஏன் இப்படி?

பதில் 1:
முதியோர் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வயதானவர்கள் பலர் "மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை, வலி என்பார்கள். சீக்கிரம் விழிப்பது, பிடித்ததைக் கைவிடுவது எல்லாம் மனச்சோர்வாக இருக்கலாம். மறதியும் அதனால் வரும். டாக்டரிடம் தைராய்டு, பி12 பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் காட்டுங்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் உண்டு, பேச்சைத் தொடங்க உதவும். மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரமாகும். சில மருந்துகளால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து குறையும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். "போய்ச் சேர்ந்தால் தேவலை" என்றால் தட்டிக்கழிக்காமல், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அப்படி ஏதும் சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

பதில் 2:
தம்பி, எனக்கு 71. அவர் போய் ஆறு வருஷம். நானும் மகன் வீட்டுக்கு வந்தவள்தான். 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் வாழ்க்கை மாற்றங்கள் எவ்வளவு மன அழுத்தம் தரும் என்று மதிப்பெண் போட்டார்களாம்: துணை இறப்பு 100, வீடு மாறுவது 20. கவுன்சலர் காட்டினார். வீட்டுக்கு 20 போட்டவர்கள் தங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்திருக்க மாட்டார்கள்!

மருமகள் நல்லவள். "நீங்க உட்காருங்க அத்தை" என்று ஒரே நாளில் பதினோரு தடவை சொன்னாள், எண்ணினேன். போன் பண்ணுகிறவர்கள் எல்லாரும் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பார்கள். அதற்கு "ம்" போதுமே. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் மிச்சமில்லை என்று ஒருநாள் உறைத்தது. அப்புறம் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியைத் தேடிப் பிடித்தேன். "ஏண்டி" என்றாள். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். மாத்திரையும் எட்டு மாதம் சாப்பிட்டேன், அதை மறைக்கவில்லை.

உங்கள் அம்மாவைப் பற்றி அவர் எதிரில் யாராவது பேசுகிறீர்களா?

கேட்டவர்:
இல்லை அம்மா. பேசக் கூடாது என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். அப்பாவை "டேய்" என்று கூப்பிடும் நண்பர் ஒருவர் உண்டு. அவர் நம்பர் அம்மா டைரியில்தான் இருக்கும். இன்று ராத்திரி அப்பாவையே எடுத்துத் தரச் சொல்லப்போகிறேன்.