வேல்ஸ்ல இருந்து வந்த இரும்பு மணியும் அம்மாவோட பாக்குவெட்டியும்

பாம்பன்காரி:
தம்பி வேல்ஸ்ல, கார்டிஃப்ல வேலையா இருக்கான், போன லீவுக்கு வந்தப்ப காத்துல ஆடுற இரும்பு மணி ஒண்ணு கொண்டாந்தான், அஞ்சு கம்பி, நடுவுல ஒரு வட்டு, இரும்பு இருந்தா தேவதைக் கூட்டம் வீட்ட அண்டாதுன்னு அங்க சொன்னாங்களாம். மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா, அம்மா அவ தலமாட்டுல பாக்குவெட்டி வச்சிருக்காங்க. மணியப் பாத்துட்டு "அங்கயும் இதே பழக்கமா"ன்னு கேக்குறாங்க, யாருக்காவது தெரியுமா? அப்புறம் இந்தக் கச்சான் காத்துல ரெண்டே மாசத்துல துரு ஏறி காலைல திண்ணையெல்லாம் செம்பொடியா கெடக்கு, அதுக்கும் வழி சொல்லுங்க.

கீழக்கரை வாசகன்:
அக்கா, இரும்பு விஷயம் அங்க ரொம்பப் பழசு. அந்தக் கூட்டத்துக்கு டுல்வித் டெக்னு பேரு, அழகான குடும்பம்னு அர்த்தம். ஸ்னோடன் மலையடிவாரத்துக் கதை ஒண்ணுல ஒருத்தன் தேவதைப் பொண்ணக் கட்டுறான், இரும்பு மட்டும் என் மேல படக்கூடாதுன்னு சொல்லித்தான் அவ சம்மதிக்கிறா. புள்ளைங்களும் பொறந்து நல்லாத்தான் இருந்தாங்க, ஒருநாள் குதிரையப் புடிக்க அவன் வீசின கடிவாளம் குறி தப்பி, அதோட இரும்பு அவ மேல பட்டுருச்சு, அந்த நிமிஷமே மறைஞ்சுட்டா. கதையில மணி வரல, கடிவாளம்தான். அப்புறம் ஒரு குளிர் ராத்திரி சன்னலுக்கு வெளிய நின்னு, பையனுக்குக் குளிருச்சுன்னா அப்பன் கோட்டப் போத்துங்க, பொண்ணுக்கு என் பாவாடையப் போத்துங்கன்னு பாடிட்டுப் போனாளாம். படிச்சப்ப எனக்குத் தொண்டை அடச்சிருச்சு.

இதே மாதிரி இன்னொரு கதையும் உண்டு, அதுல மறைஞ்சு போன பொண்டாட்டி, மண்ணுல கால் வைக்கக் கூடாதுன்னு ஏரியில மிதக்குற புல்திட்டு மேல நின்னு புருசங்கிட்ட மணிக்கணக்கா பேசுவா. ஏரி பேரு லின் அ டவார்கென், நம்ம ராமேஸ்வரம் மிதக்குற கல்லுதான் ஞாபகம் வந்துச்சு.

மண்டபம் படகு மெக்கானிக்:
துருவுக்கு: கழட்டி நல்ல தண்ணியில உப்பு போக கழுவி, வெயில்ல காயவச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டு மெஷின் ஆயில் மெல்லிசா தடவுங்க. மாசம் ஒருக்கா தடவணும், பெயிண்ட் கனமா அடிச்சா சத்தம் செத்துரும். கம்பியில தொங்கவிட்டா கம்பியும் துருப்புடிச்சு அறுந்துரும், தங்கூசியில (மீன் புடிக்கிற நைலான் நரம்பு) கட்டுங்க.

பாம்பன்காரி:
ரெண்டு பேருக்கும் நன்றி. தங்கூசியில கட்டியாச்சு, இப்ப சத்தம் கணீர்னு இருக்கு. கதைய அம்மாகிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல. பாக்குவெட்டி அங்கயேதான் இருக்கு, ஆனா மணிய மட்டும் சன்னல்கிட்ட வேணாம், கொல்லைப்பக்கம் மாட்டுன்னு சொல்லிட்டாங்க, புள்ளையப் பாக்க வர்றவளத் தடுக்கக் கூடாதாம்.