மறு: நெட் நியூட்ராலிட்டி – ‘நடுநிலை’ வேண்டாம், வேறு சொல் பார்க்கலாம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணைய விதிகளைப் பற்றி ஒரு கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இணைப்புத் தரும் நிறுவனம் எல்லாத் தகவலையும் சமமாக நடத்த வேண்டும் என்ற கொள்கைதான் நெட் நியூட்ராலிட்டி. நாட்டரசைத் தாண்டிச் சிந்திக்கும் அரசியல் பார்வை அதை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் பொருள். அந்தப் பார்வைக்கும் சரி, நெட் நியூட்ராலிட்டிக்கும் சரி, நம் கலைச்சொல் பட்டியலில் இன்னும் சொல் முடிவாகவில்லை. இழையில் வந்த மடல்களை எல்லாம் மறுபடி படித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘இணைய நடுநிலைமை’ என்றே இருக்கட்டும். எளிமையானது, யாருக்கும் புரியும்.

பேராசிரியர் ஐயா, எளிமை என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் நடுநிலைமை என்பது தீர்ப்புச் சொல்பவரிடம் இருக்க வேண்டிய குணம். நடுவு நிலைமைக்குக் குறள் காட்டும் உவமையே தராசுக்கோல்தான். தராசு சாயாமல் நின்றாலும், அதன் வேலை எடை போடுவதுதான். இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திடம் நாம் கேட்பது அதுவா? எடையே போடாதே, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காதே, வந்ததைக் கொண்டுபோய்ச் சேர் என்கிறோம். தபால்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. படிக்கவே கூடாது என்கிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் நடுநிலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது போரில் சேராத நாடு, சுவிட்சர்லாந்து மாதிரி. என் வரைவைப் படித்த நண்பர் ஒருவர் ‘எந்தப் போரில் நடுநிலை?’ என்று கேட்டார். நாடு என்ற சட்டகத்தைத் தாண்டுவதைப் பற்றிய கட்டுரையில், நாடுகளை நினைவூட்டும் சொல்லே தலைப்பில் நின்றால் வாசகர் முதல் வரியிலேயே வழிமாறிப் போவார்.

2003இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ இந்த ஆங்கிலத் தொடரை முன்வைத்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதியில் நடுநிலை, இரண்டாம் பாதியில் பாகுபாடு. உலகம் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டது. தமிழுக்கு இரண்டாம் பாதிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆகவே என் முன்மொழிவு: இணையப் பாகுபாடின்மை.

> பாகுபாடே கூடாது என்றால் காணொளியையும் மின்னஞ்சலையும் ஒரே மாதிரியா அனுப்ப முடியும்? பொறியியல் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

தம்பி, நல்ல கேள்வி. இதற்குத் தமிழே பதில் வைத்திருக்கிறது. வேறுபாடு வேறு, பாகுபாடு வேறு. நேரடி உரையாடலுக்குத் தாமதம் ஒத்துவராது, மின்னஞ்சல் சில நொடி பொறுக்கும். தேவையைப் பார்த்து இப்படிப் பிரிப்பது வேறுபடுத்தல். ஒரே வகைச் சேவை இரண்டில் ஒன்று என் கூட்டாளியுடையது என்பதால் அதை மட்டும் விரைவாக விடுவது பாகுபாடு. ஐரோப்பிய விதியும் முதலாவதை அனுமதிக்கிறது, இரண்டாவதைத் தடுக்கிறது. அதைச் சொல்ல ஆங்கிலத்தில் அடைமொழிகளை அடுக்க வேண்டியிருக்கிறது. நமக்குக் கையிலேயே இரண்டு சொல் தயாராக இருக்கின்றன.

சரி, அந்த விதிக்கு வருகிறேன். 2015 நவம்பர் 25ஆம் தேதியிட்ட 2015/2120 எண் விதிமுறை. 2016 ஏப்ரல் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. நெட் நியூட்ராலிட்டி என்ற தொடரை அது பயன்படுத்தவில்லை, ‘திறந்த இணைய அணுக்கம்’ (ஓப்பன் இன்டர்நெட் ஆக்செஸ்) என்றுதான் பேசுகிறது. அதன் மூன்றாம் பிரிவின் முதல் பத்தியைத் தமிழாக்க எனக்கு ஒரு முழு மாலை ஆனது. பயனர் எங்கே இருந்தாலும், சேவை தருபவர் எங்கே இருந்தாலும், தகவல் எங்கிருந்து புறப்பட்டாலும், எங்கே போய்ச் சேர்ந்தாலும், அதைப் பெறவும் பரப்பவும் பயனருக்கு உரிமை உண்டு என்கிறது அந்தப் பத்தி. ‘குடிமகன்’ என்ற சொல் அங்கே இல்லை. உரிமை ‘இறுதிப் பயனர்’ கையில் இருக்கிறது. பெர்லினில் நேற்று வந்து இறங்கிச் சிம் வாங்கிய அகதிக்கும், அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கும் ஒரே உரிமை. உரிமை பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கவில்லை, இணைப்பில் ஒட்டியிருக்கிறது. நாட்டைத் தாண்டிச் சிந்திப்பவர்கள் இந்த விதியை இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இந்த உரிமை எங்கே உரசும் என்பதற்கு ஹங்கேரி வழக்கைப் பாருங்கள். டெலினார் என்ற தொலைபேசி நிறுவனம் அங்கே ‘மைசாட்’ என்று ஒரு திட்டம் விற்றது. மாதம் 1 ஜிபி. ஃபேஸ்புக், மெசஞ்சர், இன்ஸ்டாகிராம், ட்விட்டர், வைபர், வாட்ஸ்அப் ஆகிய ஆறுக்கு மட்டும் டேட்டா கழியாது. 1 ஜிபி தீர்ந்ததும் இந்த ஆறும் பழைய வேகத்திலேயே ஓடும், மற்றவை எல்லாம் மந்தமாகிவிடும். புடாபெஸ்ட்டில் வேலை பார்க்கும் செர்பியப் பெண் ஒருவர் மாதக் கடைசியில் தன் ஊர்ச் செய்தித்தாளின் தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கம் பாதியில் நிற்கும். அதே கைபேசியில் வாட்ஸ்அப் துள்ளி ஓடும். எல்லைக்கு அப்பாலிருக்கும் சின்ன மொழி, சின்ன தளம் இந்த மாதிரிச் சலுகைப் பட்டியலில் இடம்பிடிப்பது அரிது. 2020 செப்டம்பர் 15 அன்று லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் இது விதிக்குப் புறம்பு என்றது.

> பின்நவீனத்துவம், பின்காலனியம் போல ‘பின்தேசியம்’ என்று வைத்துவிடலாமே?

அக்கா, நாட்டரசைத் தாண்டும் அந்தப் பார்வைக்கு நீங்கள் சொல்லும் வரிசை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘பின்’ என்றால் நாட்டரசின் கதை முடிந்தது, இனி அடுத்தது என்ற பொருள் வந்துவிடும். ஜெர்மன் மெய்யியலாளர் ஹாபர்மாஸ் போன்றவர்கள் அப்படிச் சொல்லவில்லை. பணமும் நிறுவனங்களும் எல்லை தாண்டி ஓடும்போது மக்களாட்சியும் எல்லை தாண்டி எழ வேண்டும் என்கிறார்கள். நாடு இருக்கும், அதற்கு மேலே இன்னொரு தளமும் இருக்கும். ‘நாடுகடந்த’ என்று போடலாமா என்றால், அது நாடுகடந்த தமிழீழ அரசாங்கம் என்ற பெயரில் ஏற்கெனவே வேறு பொருளில் நிலைத்துவிட்டது. பக்கத்திலேயே ‘நாடுகடத்தல்’ வேறு உட்கார்ந்திருக்கிறது. ‘பன்னாட்டு’ நிறுவனங்களோடு ஒட்டிக்கொண்டது. அதனால் தேசங்கடந்த நோக்கு என்கிறேன். ‘இயம்’ சேர்க்காததும் வேண்டுமென்றேதான். அது ஒரு பார்க்கும் கோணம். கட்சிக் கொள்கை என்ற தோற்றம் அதற்கு வேண்டாம்.

‘பின்’ ஏன் பொருந்தாது என்பதை நெதர்லாந்துக் கதை என்னைவிட நன்றாகச் சொல்லும். 2011இல் அங்கே கேபிஎன் என்ற தொலைபேசி நிறுவனம் வாட்ஸ்அப் போன்ற சேவைகளுக்குத் தனிக் கட்டணம் வைக்கத் திட்டமிட்டது. மக்கள் கொதித்தார்கள். 2012இல் நாடாளுமன்றம் சட்டமே கொண்டுவந்தது. 2010இல் சிலி செய்ததற்கு அடுத்து இதைச் சட்டமாக்கியது அந்த நாடுதான். ஒன்றியத்தின் பொது விதி வந்த பிறகு, 2017 ஏப்ரலில் ராட்டர்டாம் நீதிமன்றம், கழியாத டேட்டாவுக்கு டச்சுச் சட்டம் விதித்த முழுத்தடை பொது விதிக்கு முரண் என்று தள்ளிவிட்டது. மேலே இருக்கும் தளம் கீழே இருந்த நல்ல சட்டத்தைப் பறித்துக்கொண்டது. தேசங்கடந்த நோக்குள்ளவர்கள் இதை மழுப்பாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2021 செப்டம்பர் 2 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஜெர்மனியின் இரண்டு நிறுவனங்களின் வழக்குகளில், இப்படிக் கழியாத டேட்டா தருவதே சமமாக நடத்தும் கடமைக்கு எதிரானது என்றது. டச்சு மக்கள் இழந்தது நான்கு வருடம் கழித்து 27 நாட்டு மக்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது. அமெரிக்காவில் 2015இல் இதே போன்ற விதி வந்தது, 2017இல் போனது, 2024இல் மறுபடி வந்தது, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தது. ஒரே நாட்டின் தேர்தல் முடிவை மட்டும் நம்பி நிற்கும் உரிமை எவ்வளவு ஆடும் என்று தெரிகிறதல்லவா?

இன்னொரு செய்தியையும் என் கட்டுரையில் விட முடியாது. 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய அரசின் செய்தி ஊடகங்களான ஆர்டி, ஸ்புட்னிக் இரண்டையும் முடக்கச் சொன்னது. திறந்த இணைய விதி இதற்குத் தடையில்லை என்று ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பான பெரெக்கும் சொன்னது. எங்கிருந்து வந்தாலும் என்று எழுதிய கை, ஓரிடத்திலிருந்து வருவதை மட்டும் நிறுத்தியது. எனக்கு இது நெருடுகிறது. ஆனால் இதைப் ‘பாகுபாடு’ என்று அழைத்தால் சொல் தளர்ந்துவிடும். பாகுபாடு என்பது சுமந்து செல்லும் நிறுவனம் தன் லாபத்துக்காகச் செய்வது. அரசு ஆணையிட்டுச் செய்வது ‘முடக்கம்’. இரண்டையும் எதிர்க்கலாம், ஆனால் தனித்தனிப் பெயரில் எதிர்க்க வேண்டும். பட்டியலில் இரண்டு பதிவாகவே இடுவோம்.

> அரசே வேண்டாம் என்பதுதானே இணையத்தின் ஆதி உணர்வு?

1996 பிப்ரவரி 8 அன்று சுவிட்சர்லாந்தின் டாவோசிலிருந்து இணைய உரிமை ஆர்வலர் ஜான் பெர்ரி பார்லோ, அரசுகளே எங்களை விட்டுவிடுங்கள் என்று இணையவெளிக்கு விடுதலைப் பிரகடனம் எழுதினார். சரியாக இருபது வருடம் கழித்து, 2016 பிப்ரவரி 8 அன்று, நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பாகுபாடான டேட்டா கட்டணங்களைத் தடைசெய்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் இந்தியாவில் நின்றது அதனால்தான். ஓர் அரசு அமைப்பு உள்ளே வந்த பிறகுதான் நமக்கு இணையம் முழுதாகக் கிடைத்தது. தேசங்கடந்த நோக்கு என்றால் அரசில்லா நிலை என்று யாரும் விளக்கம் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கவனியுங்கள், டிராய் விதியின் பெயரிலேயே இருப்பது ‘பாகுபாடு’தான்.

சொல் வாக்கியத்தில் புழங்குகிறதா என்றும் பார்த்தேன். ‘இந்தத் திட்டம் பாகுபாடு காட்டுகிறது’, ‘பாகுபாடற்ற இணைப்பு’, ‘பாகுபாட்டுக் கட்டணம்’. எல்லாம் தடங்கலில்லாமல் வருகின்றன. ‘நடுநிலைமை காட்டாத கட்டணம்’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு தடுக்கும். சில சேவைகளுக்கு மட்டும் டேட்டா கழியாமல் விடும் ஸீரோ ரேட்டிங்குக்குச் ‘சுழியக் கட்டணம்’ வேண்டாம், பணமே கட்ட வேண்டாம் என்று நினைத்துவிடுவார்கள். கடையில் ‘டேட்டா கழியாது’ என்றுதான் சொல்கிறார்கள், ‘கழியாச் சலுகை’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

மீதி இருப்பது ‘இறுதிப் பயனர்’. இறுதி என்றால் சாவு வாசனை அடிக்கிறது என்று யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது சரிதான். ‘கடைப் பயனர்’ என்றால் கடைக்குப் போனவர் போலிருக்கிறது. வெறும் ‘பயனர்’ போதுமா? விதியில் தளம் நடத்துபவரும் அந்தச் சொல்லுக்குள் வருகிறார் என்பதால் தயங்குகிறேன். இந்த ஒன்றில் மட்டும் உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் கட்டுரையில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்